எருமையும் கொசுவும் ஒரு கட்டிலும்

எங்கள் வீட்டில் இரண்டு சிந்தசைசர்கள் உண்டு. இரண்டும் ஒரு நேரத்தில் ஒரு சுரத்துக்கு மேல் வாயைத் திறக்காது. இரண்டு கட்டைகளைச் சேர்த்து அமுக்கினால் ஒன்றுதான் பேசும், மற்றது சும்மா கிடக்கும். சர்ச் பாடகர் குழுவில் என் பக்கத்தில் நிற்கும் அக்காவிடம் இதைச் சொல்லப்போக, "அப்போ மீதிச் சத்தத்தைத் தனியா வாங்கணுமா?" என்று கேட்டார். அவர் வீட்டில் இருக்கும் கீபோர்டு தாளம் போடும், வயலின் வாசிக்கும், குயில் மாதிரி கூவும், ரயில்கூட விடும். நாதஸ்வரமும் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தானே வாசிக்கிறது, அதை யாராவது குறை சொல்கிறார்களா என்று கேட்டேன். நாதஸ்வரம் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்வதாக யாரும் சொல்லவில்லையே என்றார்.

என்னுடையது கறுப்பு. இரண்டு பக்கமும் மரச்சட்டம், முகம் பூராவும் திருகுகள். தூக்கி இடம் மாற்றினால் மறுநாள் இடுப்பு பிடித்துக்கொள்ளும். உள்ளே ஆசிலேட்டர் மூன்று, அதாவது சத்தம் பிறக்கிற இடம் மூன்று. மூன்றும் ஒரே சுரத்தைத்தான் பிடிக்கும், ஆனால் அச்சடித்தது மாதிரி ஒரே இடத்தில் நிற்காது. ஒன்றை விட்டு ஒன்று ஒரு இழை தள்ளி நிற்கும். அந்தத் தள்ளலில்தான் சத்தம் தடிமனாகிறது. கீழ்ச் சுரம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றால் சமையலறை ஷெல்ஃபில் இருக்கும் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். என் வீட்டுக்காரர் இதற்கு வைத்த பேர் எருமை.

அவருடையது சாம்பல் நிற பிளாஸ்டிக். கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறலாம். ஆசிலேட்டர் ஒன்றே ஒன்று. திருகுகளுக்குப் பதில் மேலும் கீழும் தள்ளுகிற ஸ்லைடர்கள். இந்தப் பொட்டிகள் எல்லாவற்றிலும் ஃபில்டர் என்று ஒன்று இருக்கும். சத்தத்தின் கூர்மையான மேல்பகுதியை எவ்வளவு வெளியே விடுவது என்று தீர்மானிக்கிற கதவு அது. அந்தக் கதவின் விளிம்பைத் தீட்டிவிட இன்னொரு ஸ்லைடர் உண்டு. அதை ஏற்றிவிட்டால் அவருடையது காதுக்குள்ளேயே குடிவந்து கத்தும். அதற்குக் கொசு என்று பேர் வைத்தது நான்.

நாங்கள் முதலில் சந்தித்ததே கீபோர்டு ரிப்பேர் கடையில்தான். கடற்காற்றில் இருக்கும் உப்பு எந்தத் திருகையும் சும்மா விடாது, தொட்டால் கரகரவென்று பொரியும். அவரும் நானும் ஒரே வியாதியோடு ஒரே நாளில் போய் நின்றோம். என் பொட்டியைப் பார்த்ததும், இத்தனை கனத்தைத் தூக்கிக்கொண்டு வந்தது எதற்கு, சத்தத்துக்கா உடற்பயிற்சிக்கா என்று கேட்டார். உங்களுடையதை ஆன் பண்ணினால் கொசுவத்தி கொளுத்த வேண்டியிருக்குமே என்றேன். கடைக்காரர் இரண்டையும் ஒரே ஸ்பிரேயால் அடித்துக் கொடுத்தார். சண்டை மட்டும் கல்யாணம் வரைக்கும் வந்தது.

நான் ராயபுரத்தில் துறைமுகச் சரக்கு விடுவிக்கும் ஒரு கிளியரிங் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். எங்கள் வீட்டார் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து நட்டு, போல்ட்டு, கம்பி மொத்த வியாபாரம் செய்கிறவர்கள். அவர் காசிமேட்டில் பிறந்து வளர்ந்தவர். கன்டெய்னர் யார்டில் எலக்ட்ரீஷியன். இறால் ஏற்றிய ஃப்ரீசர் கன்டெய்னர்கள் குளிர் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. நாள் முழுக்க கம்ப்ரெசர் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு, எந்தப் பொட்டி மூச்சு மாறுகிறது என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கானா குழுவுக்கு வாசிக்கப் போவார். அங்கே அவர்களுடைய கீபோர்டு இருக்கிறது, கொசு வீட்டோடு சரி. மாப்பிள்ளை பார்க்கும்போது என் அப்பா கேட்ட ஒரே கேள்வி, இந்தப் பொட்டி வியாதி பிள்ளைகளுக்கும் வருமா என்பதுதான்.

நியாயமாகப் பேசினால் இரண்டுக்கும் குணம் வேறு. எருமையின் சத்தம் மெதுவாக எழுந்து உடம்பை நிறைக்கும். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போக விட்டால் கீர்த்தனைக்காரர்கள் குரலை இழைப்பது மாதிரி இழையும். கொசு அப்படியில்லை, தட்டின நொடியில் எழும், எடுத்த நொடியில் செத்துவிடும். கானா தாளத்துக்கு நடுவே சந்தில் புகுந்து வெளியே வந்துவிடும். இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன், அவர் எதிரில் ஒத்துக்கொண்டதில்லை. ஃபில்டரைத் தீட்டத் தீட்ட என் எருமைக்கு அடிவயிறு காலியாகிவிடும், கனமெல்லாம் எங்கேயோ போய்விடும். கொசு எவ்வளவு கத்தினாலும் அடிச்சத்தத்தைக் கையைவிட்டு விடாது.

எருமைக்கு இன்னொரு வழக்கம் உண்டு. எழுந்திருக்க நேரம் ஆகும். சுவிட்ச் போட்டு உள்ளே சூடேறும்வரை சுருதி இடத்தில் நிற்காது, முதல் சுரம் எப்போதும் ஒரு இழை கீழே விழும். நான் தட்டுவேன், அது கீழே விழும், என் இடது கை தானாகப் போய் சுருதித் திருகை ஒரு தட்டுத் தட்டி மேலே ஏற்றிவிடும். பல் தேய்க்கிற மாதிரி பழகிப்போன வேலை. அதை நானே கவனிப்பதில்லை, வேறு யாரும் கவனிப்பார்கள் என்றும் நினைத்ததில்லை.

கொசு நேற்று விட்ட இடத்திலேயே இன்றைக்கும் நிற்கும். அந்தக் கர்வம் அதன் சொந்தக்காரருக்கும் உண்டு. சேர்ந்து வாசிக்க உட்கார்ந்தால் சுருதி சேர்க்க வேண்டியது எப்போதும் நான்தான். நீங்கள் கொஞ்சம் இறங்கினால் என்ன குறைந்துவிடும் என்று ஒருநாள் கேட்டேன்.

"இன்னாமே இது, கரெக்டா நிக்கிறவன் எதுக்கு எறங்கணும்? உன் எருமைய மேல வரச் சொல்லு."

இப்படி ஒரு ஹால், ஒரு சமையலறை, இரண்டு மேசை, இரண்டு பொட்டி என்று திருவொற்றியூரில் முதல் மாடியில் ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில் ஒரு கட்டில் வந்து சேர்ந்தது.

என் மாமியார் காசிமேட்டில் ஏலம் எடுத்து ராயபுரம் தெருக்களில் மீன் விற்றவர். கூடை தூக்கியது போதும் என்று நிறுத்திவிட்டார். அவர் குடியிருந்த வீட்டை இடித்துக் கட்டப்போவதாகச் சொன்னதும், இனிமேல் எங்களோடுதான் என்று முடிவானது. எனக்கு அதில் வருத்தமே இல்லை. அத்தை இருந்தால் வீட்டில் பேச்சும் இருக்கும் குழம்பும் இருக்கும். சாமான்கள் ஒரு சின்ன வண்டியில் வந்தன. ஒரு டிரங்குப் பெட்டி, மீன் வெட்டும் அரிவாள்மனை, அவருடைய தேக்குக் கட்டில், அதோடு ஒரு கும்பல் செங்கல். மழைக்காலத்தில் அந்தத் தரைவீட்டுக்குள் தண்ணீர் வரும். அதனால் கட்டில் கால் ஒவ்வொன்றுக்கும் கீழே கல் அடுக்கி உயரத்தில் படுத்தே அவருக்குப் பழக்கம்.

இது மாடி, இங்கே எப்படித் தண்ணீர் வரும் என்று மகன் கேட்டார். வந்தால் என்ன செய்வாய் என்று அம்மா கேட்டார். வண்டிக்காரர் சிரித்துவிட்டார். கடைசியில் மகன் பிடிவாதமாகக் கற்களை வெளியே தாழ்வாரத்தில் அடுக்கி, மேலே ஒரு சாக்கைப் போர்த்திவிட்டு, கட்டிலை வெறும் தரையில் போட்டார். அத்தை அன்றைக்குப் பூராவும் அந்தச் சாக்கைப் பார்த்துப் பார்த்து முறைத்தார்.

கட்டில் வந்து ஒரு சுவரை அடைத்துக்கொண்டது. ஒரு மேசைக்குத்தான் இடம். ஒரே மேசையில் இரண்டு பொட்டியும் நிற்காது, ஒன்றின்மேல் ஒன்றாக ஸ்டாண்டு போட்டால் இருக்கிற ஒரே ஜன்னலும் போய்விடும். ஆக ஒன்று வெளியே போக வேண்டும். போகிற இடமும் தெரிந்ததுதான், மீஞ்சூரில் என் நாத்தனார் வீட்டுப் பரண். என் கல்யாணத்துக்கு வந்த இரண்டாவது மிக்ஸியும், தையல் மெஷினும், ஒரு பெரிய குத்துவிளக்கும் கொஞ்ச நாளைக்கு என்றுதான் அங்கே போயின. நாத்தனாரைக் கேட்டால் பத்திரமாக இருக்கிறது என்பார். பத்திரமாகத்தான் இருக்கும். அந்த வெயிலில், அந்தத் தூசியில், கரன்டே பாயாமல் கிடந்தால் ஒரு சிந்தசைசர் பத்திரமாகச் செத்துப்போகும்.

எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. ஆபீஸில் பகல் பூராவும் எல்லோருக்கும் பதில் சொல்லிவிட்டு, லாரி லாரியாக நிற்கிற ரோட்டைத் தாண்டி வீட்டுக்கு வந்து, எருமையில் ஒரு கீழ்ச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அப்போதுதான் எனக்கு அன்றைய நாள் இறங்கும். ஹெட்போனில் அது நடக்காது, எருமையின் வயிறு ஹெட்போனுக்குள் அடங்காது. அவருக்கும் கொசு அப்படித்தான் என்று தெரியும். அதனால்தான் இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கிற மாதிரி நடித்தோமே தவிர, ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

கட்டில் யாருடையதோ அவரே தீர்ப்புச் சொல்லட்டும் என்று முடிவு செய்தோம். ஆனால் மகன் என்று சாய்ந்துவிட்டால்? அதற்கும் ஏற்பாடு செய்தேன். ஹாலுக்குக் குறுக்கே கொடி கட்டி ஒரு பெட்ஷீட்டைத் தொங்கவிடுவது. ஒரே ஸ்பீக்கர், ஒரே மெட்டு. ஒருவர் ஷீட்டுக்குப் பின்னால் வாசிக்கும்போது மற்றவர் தாழ்வாரத்தில் நிற்க வேண்டும். யார் முதலில் என்பதை எதிர்வீட்டு அக்கா சீட்டுப் போட்டு எடுப்பார், அத்தைக்குச் சொல்ல மாட்டார். ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வந்த பிறகு போட்டி.

அதற்கு முந்தின வாரத்தில் ஒருநாள் அத்தையும் நானும் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தோம். சும்மா இருந்தவர், நைனா என்று தான் கூப்பிடும் மகனின் பொட்டியைப் பற்றித் திடீரென்று பேச்சை எடுத்தார்.

"மனசுல ஒண்ணு வச்சிகினு வாயில ஒண்ணு சொல்ல மாட்டேன் கண்ணு. நைனாவோட பொட்டிதான் காதுக்கு நல்லாகீது. சுருக்குனு கீது. உன்து இன்னாவோ ரோட்ல ட்ரெய்லரு போற மாறி கீது."

நெத்திலியின் தலையைக் கிள்ளுவதற்குப் பதில் உடம்பைக் கிள்ளி எறிந்துவிட்டேன். வருத்தம் ஒரு பக்கம். ஆனால் வியாபாரி வீட்டில் பிறந்த புத்தி அதற்குள் கணக்குப் போட்டுவிட்டது. அத்தைக்குப் பிடித்தது கொசுவின் சத்தம், கொசு இல்லை. சத்தம் எந்தப் பொட்டியிலிருந்து வருகிறது என்று ஷீட்டுக்கு அந்தப் பக்கம் யாருக்குத் தெரியும்?

அவர் வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து எருமையைக் கொசுவாக்கும் வேலையை ஆரம்பித்தேன். மூன்று ஆசிலேட்டரில் இரண்டை அணைத்தேன். ஃபில்டரை நன்றாகத் திறந்து, விளிம்பைத் தீட்டி, சுரம் எழுந்ததும் அடங்குகிற மாதிரி வாலை வெட்டினேன். தீட்டியதால் அடிவயிறு காலியானது, எனக்கும் அதுதானே வேண்டும். ஒரு வயர் எடுத்து ஹெட்போன் துளையிலிருந்து வெளிச்சத்தம் உள்ளே போகும் துளைக்குத் திருப்பி மாட்டினேன். தன் சத்தத்தைத் தானே விழுங்கி எருமைக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அதன் பிறகு அவருடைய கைப்பழக்கத்தைச் சேர்த்தேன். ஒவ்வொரு வரி முடியும்போதும் அவர் அந்தத் தீட்டுகிற ஸ்லைடரை ஒரு சிட்டிகை தூக்கி இறக்குவார், கொசு ஒரு சிலிர்ப்புச் சிலிர்க்கும். அதற்கு ஏற்ற திருகைக் கண்டுபிடித்து ஒரு மதியம் பூராவும் பழகினேன். கேட்கக் கேட்க எனக்கே கையை வீசிக் கொசு அடிக்கத் தோன்றியது. திருகுகள் நின்ற இடங்களை போனில் படம் எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வஞ்சிரம் வறுத்த வாசனையில் தாழ்வாரத்துக்கே கூட்டம் வந்துவிட்டது. முதலில் வாசிக்க என் வீட்டுக்காரர் பேர் சீட்டில் வந்தது. அதற்கு முன்னால் பொட்டியைத் தயார் செய்துகொள்ள இரண்டு பேருக்கும் தனித்தனியாக நேரம் கொடுத்தார்கள். போனைப் பார்த்துப் பார்த்து எருமையின் திருகுகளை வைத்துவிட்டு, மேலே ஒரு துண்டைப் போர்த்திவிட்டு வெளியே வந்தேன். அவரும் தன்னுடையதன் மேல் ஒரு துண்டைப் போர்த்தியிருந்தார். எனக்கு அப்போதாவது உறைத்திருக்க வேண்டும்.

அவர் உள்ளே போனார். நான் செங்கல் குவியல் மேல் உட்கார்ந்து கொசுவின் கீச்சுக்காகக் காத்திருந்தேன். வந்தது எருமை.

அதே கனம், அதே மெதுவான எழுச்சி, சத்தத்துக்கு நடுவே மூன்று பேர் தோளை இடித்துக்கொண்டு நடக்கிற மாதிரி அதே அசைவு. முதல் சுரம் ஒரு இழை கீழே விழுந்தது. உடனே ஒரு தட்டில் மேலே ஏறி இடத்தில் நின்றது. எனக்குத் தலைக்கு ரத்தம் ஏறிவிட்டது. என் பொட்டியில் கை வைத்துவிட்டார், என்னுடையதையே வாசித்து என்னையே ஜெயிக்கப் பார்க்கிறார் என்று எழுந்தேன். எதிர்வீட்டு அக்கா கதவை மறித்துக்கொண்டு, உன் நேரம் வரட்டும் என்றார். வாசித்து முடித்து வெளியே வந்தவர் மூஞ்சியில் பால் வடிந்தது.

உள்ளே போய்த் துண்டை எடுத்தேன். என் திருகுகள் நான் வைத்த இடத்திலேயே இருந்தன. அப்புறம் அவருடையதைப் பார்த்தேன். ஸ்லைடர்கள் எல்லாம் அவர் ஒருநாளும் வைக்காத இடங்களில் நின்றன. ஃபில்டர் முக்கால்வாசி மூடியிருந்தது. தீட்டுகிற ஸ்லைடர், அவருடைய செல்லம், தரையோடு தரையாகக் கிடந்தது. ஒரு ஸ்தாயி கீழே கூடவே முனகுகிற துணைச் சத்தம் முழுசாக மேலே ஏறியிருந்தது. ஒற்றை ஆசிலேட்டரே பலது போலக் கேட்க, அலையின் அகலத்தை மெதுவாக விரித்துச் சுருக்கும் ஸ்லைடரைக் கொஞ்சமாகத் திறந்திருந்தார். கொசுவை வைத்து எருமை வாசித்திருக்கிறார்.

இப்போது என்ன செய்வது? மாற்றி வைக்க நேரமில்லை, அத்தை ஷீட்டுக்கு அந்தப் பக்கமிருந்து கனைத்தார். வருவது வரட்டும் என்று எருமையில் கொசுவை வாசித்தேன். வரிக்கு வரி சிலிர்ப்பையும் விடவில்லை. தாழ்வாரத்தில் அவர் முகம் போன போக்கை எதிர்வீட்டு அக்கா இன்னும் நடித்துக் காட்டுகிறார்.

ஷீட்டை விலக்கினோம். அத்தை கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். முதலில் வாசித்ததுதான் நன்றாக இருந்தது, அது எருமை, எருமை இருக்கட்டும், கொசுவை மீஞ்சூருக்கு அனுப்பிவிடு என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். ஜெயித்தது அவருடைய பொட்டி. ஆனால் அதைச் சொன்னால் திருட்டுத்தனத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். என் நிலையும் அதேதான், ஆனால் எனக்கு ஒரு வசதி இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டு நின்றாலே போதும், என் எருமை வீட்டில் தங்கிவிடும். மனசு துள்ளத்தான் செய்தது. அவர் அந்த பெட்ஷீட்டையே கொடியிலிருந்து உருவி, கொசுவை அதில் வைத்துச் சுற்ற ஆரம்பித்தார். மூலைகளை மடித்து மடித்து, குழந்தையைக் குளிப்பாட்டித் துடைக்கிறவர்கள் மாதிரி சுற்றினார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டேன், சத்தம் சரி, அந்த முதல் சுரத்தை எதற்குக் கீழே விட்டீர்கள் என்று.

அவர் நிமிரவே இல்லை. "உன்து அப்டிதான எழும்? கீழ நிக்கும், நீ ஒரு தட்டு தட்டுவ, மேல வரும். டெய்லி கேட்டுகினுதான கீறேன். அது இல்லாங்காட்டி அது எப்டி உன் பொட்டி ஆவும்?"

சுருதி நிற்காத பொட்டியெல்லாம் ஒரு பொட்டியா என்று நாலு பேர் முன்னால் கிண்டல் செய்கிற மனுஷன் இவர். நானே கவனிக்காத என் இடது கையை, முதுகைக் காட்டிக்கொண்டு செருப்புக் கழற்றும்போதும், லுங்கி மாற்றும்போதும், சாப்பிடும்போதும் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். மீஞ்சூருக்கு எதுவும் போகக்கூடாது என்று அந்த நிமிஷத்தில் தோன்றியது.

"அத்தை, முதல்ல வாசிச்சது இவரோட பொட்டி," என்றேன்.

தாழ்வாரமே கதவில் வந்து அடைத்துக்கொண்டது. கொசுவை ஏன் எருமையாக்கி வாசித்தீர்கள் என்று நான் அவரைக் கேட்க, நீ மட்டும் என்ன செய்தாய் என்று அவர் என்னைக் கேட்க, கடைசியில் அவர் வாயிலிருந்து உண்மை வந்தது. மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது, மருமகளின் பொட்டிதான் கம்பீரமாக இருக்கிறது, உன்னுடையது பேஜாரு என்று அவர் அம்மா அவரிடம் சொன்னாராம். எனக்கு நெத்திலியோடு சொன்னதை நான் சொன்னேன். இரண்டு பேரும் சேர்ந்து கட்டிலைத் திரும்பிப் பார்த்தோம்.

அத்தைக்கு ஒரு பதற்றமும் இல்லை. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

"இத்தினி வருசம் என் வூட்ல வளந்தவன், உனக்குமா தெர்ல?" என்று மகனைப் பார்த்துக் கேட்டார். "எந்தக் கூடை வோணுமோ, அத்த யாருனா நல்லாகீதுன்னு சொல்லுவாங்களா?"

எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது. காசிமேட்டு ஏலத்தில் அத்தை தனக்கு வேண்டிய கூடையைத் திரும்பியே பார்க்க மாட்டார். அந்தக் கூடைக்காரர் எதிரிலேயே நின்றுகொண்டு பக்கத்துக் கூடையை ஆகா ஓகோ என்பார். விலை அங்கே ஏறும், இவர் இங்கே சத்தமில்லாமல் எடுத்துவிடுவார். கடற்கரையை விட்டு வந்தும் அந்த வாய் மாறவில்லை. என் வீட்டுக்காரர் சின்ன வயதில் படித்துக்கொண்டிருந்தால், பக்கத்து வீட்டுப் பையன் எவ்வளவு அழகாகப் படிக்கிறான் என்பாராம். எனக்காவது தெரிந்திருக்க வேண்டாமா? என் அப்பாவும் சரக்கு எடுக்கப் போனால் வேண்டாத போல்ட்டைத்தான் கையில் எடுத்து உருட்டுவார். இப்படிப்பட்ட இரண்டு வீட்டில் பிறந்துவிட்டு, மாமியார் சொன்னதை சொன்னபடியே நம்பி, ஒரு வாரம் திருட்டுத்தனம் செய்திருக்கிறோம்.

என்னிடம் என்னுடையதைக் குறை சொன்னார். அவரிடம் அவருடையதைக் குறை சொன்னார். அப்படியென்றால் உங்களுக்கு இரண்டும் வேண்டுமா அத்தை என்று கேட்டேன். நான் எங்கே அப்படிச் சொன்னேன் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு எதற்கு எருமை இருக்கட்டும் என்று தீர்ப்புச் சொன்னீர்கள் என்றதற்கு, ஒன்றுதான் இருக்கும் என்று வீம்பு பிடித்தது நீங்கள், அதனால் ஒன்றைச் சொன்னேன் என்றார். எது எந்தப் பொட்டி என்று தனக்கு என்ன தெரியும், வயிற்றுக்கு இதமாக இருந்ததைச் சொன்னேன் என்றும் சேர்த்துக்கொண்டார்.

அப்புறம் கட்டிலைவிட்டு இறங்கி நின்றார். "வெளிய கீற கல்ல எட்தாந்து போடு நைனா. வந்த அன்னிக்கே சொன்னேன்."

சாக்கை எடுத்தோம். தாழ்வாரத்தில் நின்ற கூட்டமே ஆளுக்கு இரண்டாகக் கல்லை எடுத்து உள்ளே கொடுத்தது. காலுக்குக் கால் அடுக்கியதும் கட்டில் காசிமேட்டு உயரத்துக்கு எழுந்து நின்றது. கீழே ஒரு ஆள் தவழ்ந்து போகலாம் போல இடம். ஒரு பலகைக்குச் சக்கரம் அடித்து அதில் கொசுவையும் எருமையையும் அடுத்தடுத்து வைத்து உள்ளே தள்ளினோம். வாசிக்க வேண்டுமென்றால் வெளியே இழுத்து, தரையில் சம்மணம் போட்டு ஆர்மோனியக்காரர்கள் மாதிரி உட்கார வேண்டியதுதான். மேசைகள் இரண்டும் மீஞ்சூருக்குப் போயின. நாத்தனார் பத்திரமாக வைத்திருக்கிறார்.

இப்போது சாயங்காலங்களில் அத்தை மேலே சாய்ந்துகொண்டிருப்பார், நாங்கள் கீழே உட்கார்ந்து வாசிப்போம். கிண்டலில் ஒரு குறைவும் இல்லை. எருமை இன்னும் மாடியை இடிக்கவில்லையா என்பார் அவர். கொசுவுக்கு மாநகராட்சிக்காரர்களைக் கூப்பிடட்டுமா என்பேன் நான். சுவிட்ச் போட்டதும் என் பொட்டி வழக்கம்போல ஒரு இழை கீழே விழும். என் இடது கை சுருதித் திருகைத் தேடிப் போகும். ஆனால் அது போய்ச் சேருவதற்குள், பக்கத்தில் கரெக்டாக நிற்கிற கொசு, யாரும் கேட்காமலே, தன் இடத்தை விட்டு இறங்கி வந்து என்னோடு நின்றுவிடுகிறது. அவர் முகத்தைப் பார்த்தால் ஒன்றும் நடக்காத மாதிரி ஸ்லைடர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

டம்ளர்கள் இடித்துக்கொள்ளும். மேலே கட்டிலிலிருந்து அத்தை, தாழ்வாரத்துக்கே கேட்கிற மாதிரி சொல்வார்:

"எதிர்வூட்டு டிவி சவுண்டு இன்னா சோக்கா கீது பாரு."